அஞ்செட்டி பஸ்ஸில் வந்த காய்ச்சல்

எனக்கு முதலில் குளிர் எடுத்தது வண்டி ஓட்டிக்கொண்டிருக்கும்போதுதான். ஐம்பத்தேழாம் வருஷம், ஆனி மாதம், பகல் பன்னிரண்டு மணி இருக்கும். இன்ஜின் சூட்டில் கால் இரண்டும் எப்போதும் வெந்துகொண்டிருக்கும் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தபடியே எனக்குப் பல் தந்தியடித்தது. திரும்பிப் பார்த்தேன். கண்டக்டர் காதர் டிக்கெட் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அடுத்தடுத்துத் தும்மிக்கொண்டிருந்தான்.

எங்களுடையது ஓசூரிலிருந்து தேன்கனிக்கோட்டை வழியாக அஞ்செட்டிக்குப் போய்த் திரும்பும் தனியார் பஸ். ஒரு நாளைக்கு ஒரே நடை. பட்டணத்தில் கப்பலோடு வந்து இறங்கிய புளூ காய்ச்சல் பெங்களூர் வரைக்கும் வந்துவிட்டது என்று பேப்பரில் போட்டிருந்தார்கள். அஞ்செட்டிக்கு அது எங்கள் வண்டியில்தான் போயிருக்கும். அங்கே போக வேறு வழி ஏது?

அன்று சாயங்காலம் தேன்கனிக்கோட்டையில் வண்டியை நிறுத்திவிட்டு நானும் காதரும் அவரவர் வீட்டில் படுத்தோம். ஒரே நாள், ஒரே காய்ச்சல், ஒரே பஸ். நாலாம் நாள் காலையில் அவன் எழுந்து பல் விளக்கிக்கொண்டிருந்தான். அதே காலையில் எனக்கு வலது விலாவில் யாரோ கத்தியைச் செருகிவிட்டு எடுக்க மறந்ததுபோல் வலி. மூச்சைப் பாதிக்கு மேல் இழுக்க முடியவில்லை. துப்பிய சளி செங்கல் நிறத்தில் இருந்தது.

என் மனைவி ராஜம்மா அதைப் பார்த்துவிட்டு காதர் வீடு இருந்த பள்ளிவாசல் தெருவுக்கு ஓடினாள். காதரைக் கூட்டிக்கொண்டுதான் வந்தாள். மாற்று டிரைவர் ஓட்டிய எங்கள் வண்டியிலேயே, பின்சீட்டில் என்னைக் கிடத்தி ஓசூருக்குக் கொண்டுபோனார்கள். பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆஸ்பத்திரிக்குக் குதிரை வண்டி எதுவும் கிடைக்கவில்லை.

"அண்ணா, கழுத்தைக் கட்டிக்கோ," என்று காதர் குனிந்தான். மூன்று நாள் காய்ச்சலில் கிடந்த மனிதன் என்னை முதுகில் தூக்கிக்கொண்டு நடந்தான். நான் கனத்த ஆள். அவன் மூச்சு வாங்கியதா என்று எனக்குத் தெரியவில்லை; என் மூச்சுக்கே நான் அல்லாடிக்கொண்டிருந்தேன்.

ஆஸ்பத்திரியில் கட்டில் எல்லாம் நிறைந்து, வராந்தாவில் பாய் போட்டிருந்தார்கள். இருமல் சத்தத்தில் பேச்சுச் சரியாகக் காதில் விழவில்லை. டாக்டர் தெற்கத்திக்காரர், முப்பது வயசு இருக்கும், கண் சிவந்திருந்தது. இடது கை விரலை என் முதுகில் வைத்து வலது கை விரலால் தட்டிக்கொண்டே இறங்கினார். இடது பக்கம் டொம் டொம் என்று கேட்டது. வலது பக்கம் பாதிக்குக் கீழே சத்தமே மாறிப்போனது எனக்கே தெரிந்தது.

"காலிப் பானையைத் தட்டினா ஒரு சத்தம், தண்ணி நெறைஞ்ச பானையைத் தட்டினா வேற சத்தம். கேட்டீங்களா?" என்றார். "நுரையீரல் பஞ்சு மாதிரி. உள்ளே காத்து இருக்கணும். உங்களுக்கு அடிப்பாகத்திலே காத்துக்குப் பதிலா சளி கட்டிப் போச்சு. நிமோனியா. புளூ கதவைத் தொறந்து விட்டிருக்கு, அந்த வழியா வேற கிருமி நுழைஞ்சிருக்கு."

"பொழைப்பாருங்களா?" என்று ராஜம்மா கேட்டாள். இந்த மாதிரி கேள்வியை அவள் இவ்வளவு நேராகக் கேட்பாள் என்று நான் நினைத்ததில்லை.

"ஊசி போடறோம்மா. ஒரு வாரம் போகட்டும்."

எக்ஸ்ரே படம் பிடிக்கும் யந்திரம் பெங்களூரில்தான் இருக்கிறது, அவ்வளவு தூரம் இந்த ஆள் தாங்கமாட்டார் என்று டாக்டர் கம்பவுண்டரிடம் சொன்னது என் காதில் விழுந்தது. அன்றிலிருந்து அவர் தன் விரலையும் கழுத்துக் குழாயையுமே நம்பினார்.

அன்றிரவு ஒரு கட்டில் காலியானதும் என்னை உள்ளே மாற்றினார்கள். அடுத்த ஆறு நாட்கள் துண்டு துண்டாகத்தான் நினைவிருக்கின்றன. காலையும் மாலையும் இடுப்பில் பெனிசிலின் ஊசி. மார்பில் சூடாக ஒரு களிம்புப் பற்று. கால்மாட்டில் தொங்கிய அட்டையில் காய்ச்சல் கோடு மேலேயே நின்றது. மூச்சு விடுவது ஒரு வேலையாக இருக்கும் என்று நான் வாழ்நாளில் நினைத்ததில்லை. ஒரு மூச்சை இழுத்து முடிப்பதற்குள் அடுத்ததை எப்படி இழுப்பது என்ற பயம் வந்துவிடும். கம்பவுண்டர் கன்னடக்காரர், "ஹெதரபேடி, ஹெதரபேடி" என்று, பயப்படாதே என்று, ஒவ்வொரு ஊசிக்கும் சொல்வார். எதிர்க்கட்டில் சேட்டு வீட்டுக் கணக்கர் என்னைவிட இளையவர். ஒரு மத்தியானம் அவர் கட்டிலைச் சுற்றித் தட்டி வைத்து மறைத்தார்கள். தட்டியை எடுத்தபோது மெத்தையைச் சுருட்டியிருந்தார்கள்.

ராஜம்மா கட்டிலுக்கும் சுவருக்கும் இடையிலுள்ள சந்தில் உட்கார்ந்திருந்தாள். படுத்தால் மூச்சு முட்டுகிறது என்பதால் என்னைச் சாய்த்து வைக்க வேண்டும். தலையணை போதவில்லை. அவள் தன் முதுகை எனக்கு முட்டுக் கொடுத்து, சுவரைப் பார்த்தபடி மணிக்கணக்காக உட்கார்ந்திருப்பாள். வலிக்கிறதா என்று கேட்டால், "நீங்க பேசாதீங்க, மூச்ச வீணாக்காதீங்க," என்பாள்.

ஏழாம் நாள் வியர்த்துக் கொட்டியது. அட்டையில் கோடு இறங்கியது. டாக்டர் முதல் தடவையாக என் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"டிரைவர், ஒரு நாளைக்கு எவ்வளவு நடப்பீங்க?"

"வூட்டுலேருந்து பஸ் ஸ்டாண்டு வரைக்கும்ங்க. கூப்பிடு தூரம்."

"அப்புறம்?"

"உக்காந்துதான் ஓட்டணும்ங்க. பன்னெண்டு வருஷமா அதான்."

"பீடி?"

"ஒரு நாளைக்கு ஒரு கட்டு."

அவர் தலையாட்டினார். "உங்களைத் தூக்கிட்டு வந்தாரே, அவருக்கும் இதே காய்ச்சல்னு உங்க சம்சாரம் சொன்னாங்க. அவருக்கு என்ன வேலை?"

நான் சொன்னேன். எங்கள் வண்டிக்குக் கிளீனர் கிடையாது. காலையில் ஹேண்டில் போட்டு இன்ஜினைச் சுற்றுவது காதர். பின்பக்க ஏணியில் ஏறிப் புளி மூட்டையும் கேழ்வரகு மூட்டையும் அடுக்குவதும் இறக்குவதும் அவன். அஞ்செட்டியிலிருந்து திரும்பும்போது காட்டு மேட்டில் பாரம் தாங்காமல் வண்டி திணறும். அப்போது கீழே குதித்து, ஒரு பெரிய மரக்கட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு, பின்சக்கரத்தை ஒட்டியே மேடு முழுவதும் நடந்து வருவான். வண்டி பின்னுக்கு நழுவினால் கட்டையைப் போட்டுத் தடுக்க வேண்டும். மழையானாலும் வெயிலானாலும் தினமும் அந்த மேடு அவனுக்கு உண்டு.

"அதான்," என்றார் டாக்டர். "தினமும் மேடு ஏறுறவனுக்கு நெஞ்சு அடிவரைக்கும் விரியும். சளி அடியிலே தங்காது. இதயத்துக்கும் கொஞ்சம் பலம் மிச்சம் இருக்கும். நீங்க மேல்மூச்சிலேயே காலம் தள்ளிட்டீங்க. காய்ச்சல் ரெண்டு பேரையும் ஒரே மாதிரிதான் தொட்டுது. உங்ககிட்டே ஆழமா எறங்கிடுச்சு. இந்த வார்டிலே நான் பார்க்கிறதைச் சொல்றேன். இதையே சட்டம்னு எடுத்துக்காதீங்க. சாப்பாடு இல்லாம மூட்டை தூக்கின ஆளுங்களும் இங்கே செத்திருக்காங்க. ஒடம்பைப் பழக்கறது வேற, ஒடம்பைப் போட்டு அடிக்கறது வேற."

எழுந்து நடக்கும்படி ஆனதும் தினமும் நடக்க வேண்டும், பீடியை விட வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கு அவமானமாக இருந்தது. நாற்பது வயசில், உட்கார்ந்ததற்காக ஒருவன் சாகக் கிடப்பான் என்று யார் நினைப்பார்கள்?

ஒன்பதாம் நாள் பகலில் காதர் வந்தான். வராந்தாவின் மூன்று படியை ஏறியவன் தூணைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் நின்றான். பிறகு சிரித்துக்கொண்டே வந்து ராஜம்மாவிடம் ஆரஞ்சுப் பழப் பொட்டலத்தைக் கொடுத்தான்.

"வேலைக்கு இன்னும் போவலண்ணா," என்றான். "கை காலு வெலவெலன்னு வருது. ரெண்டு நாளு படுத்து எந்திரிச்சா சரியாப்பூடும். ஆனா மொதலாளி வேற மாதிரி பேசறாரு. கிருஷ்ணகிரியிலேருந்து ஒரு டிரைவரும் கண்டக்டரும் ஜோடியா வராங்களாம். வெச்சிக்கலாமான்னு கேட்டுக்கினு இருக்கறாரு."

இந்தப் பக்கத்தில் எத்தனை பஸ் ஓடுகிறது? அந்த சீட் போனால் வேறு சீட் எங்கே இருக்கிறது?

அவன் கையைப் பிடித்தேன். சுட்டது. இதை நான் மறைக்கப் போவதில்லை. அவன் உள்ளங்கை சுட்டது, எனக்குத் தெரிந்தது.

"தம்பி, நீ வண்டிய வுட்டு எறங்காத. நாளைக்கே போயி ஏறிடு. நீ அதுல இருந்தாத்தான் எஞ்சீட்டும் இருக்கும்," என்றேன்.

"சரிண்ணா. நீ அதப் பத்தி நெனைக்காத," என்று சொல்லிவிட்டு எழுந்து போனான்.

பதினோராம் நாள் எனக்கு மறுபடியும் காய்ச்சல் ஏறியது. நுரையீரலுக்கும் விலாவுக்கும் நடுவில் நீர் கோத்துக்கொண்டது என்றார் டாக்டர். என்னைக் கட்டில் விளிம்பில் உட்காரவைத்து, ஒரு தலையணையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குனியச் சொன்னார். முதுகுப் பக்கம் இரண்டு எலும்புக்கு நடுவே நீளமான ஊசி இறங்கியது. மரத்துப்போக மருந்து போட்டிருந்தும் உள்ளே ஏதோ ஒன்று இழுபடுவது தெரிந்தது. ஒரு கண்ணாடி ஜாடி பாதி வரைக்கும் மஞ்சள் நிறத்தில் நிறைந்தது. அதை எடுத்த பிறகு முதல் தடவையாக ஒரு முழு மூச்சு வந்தது. அந்த ஒரு மூச்சுக்காக அழுதேன்.

அந்த நாட்களில் காதர் வரவில்லை என்பதே எனக்கு உறைக்கவில்லை. உறைத்தபோது ராஜம்மாவிடம் கேட்டேன்.

"வேலைக்குப் போறாரு இல்ல. நேரம் இருக்காது," என்றாள். சொல்லிவிட்டுக் கஞ்சிக் குவளையைக் கழுவப் போனாள். அது ஏற்கெனவே கழுவி வைத்த குவளை. நான் கவனித்தேன், ஆனால் யோசிக்கவில்லை. சீட் பத்திரமாக இருக்கிறது என்ற நிம்மதிதான் எனக்குள் இருந்தது.

சேட்டு வீட்டுக் கணக்கர் படுத்திருந்த கட்டிலுக்கு ஒரு நாள் புது ஆள் வந்தார். நாட்றாம்பாளையத்து விவசாயி, மாதப்பன் என்று பெயர். இருமல் அடங்கியதும் பேச ஆரம்பித்தார். நான் பஸ் டிரைவர் என்பது அவருக்குத் தெரியாது.

"எல்லாருக்கும் வருது இந்தக் காய்ச்சலு," என்றார். "நம்ம அஞ்செட்டி பஸ்ஸு கண்டக்டரு சாயபு, எம்மாந் திடமான ஆளு! கல்லு மாதிரி. கண்ணு முன்னாடி போயிட்டாருங்க."

"எந்தக் கண்டக்டரு?" என்றேன். எங்கள் பஸ்ஸுக்கு ஒரே கண்டக்டர்தான்.

"அந்தக் காதருதான். நானு அந்த வண்டியிலதான் இருந்தேன். மேட்டுல கட்டையத் தோள்ல வெச்சிக்கினு பின்னால நடந்து வந்தாரு. பாதி மேட்டுல கட்டையக் கீழ வெச்சாரு. கல்லு மேல குந்தினாரு. வண்டி போயிக்கினே இருந்துது. நாங்கதான் சத்தம் போட்டு நிறுத்தச் சொன்னோம். எறங்கிப் போயிப் பாத்தா, நெஞ்சப் புடிச்சிக்கினு, தண்ணின்னாரு. ஓடைக்குப் போயிக் கொண்டாறத்துக்குள்ள..."

ராஜம்மா அப்போது கதவண்டை நின்றிருந்தாள். என்னைப் பார்த்தாள். அவள் முகத்தைப் பார்த்ததும் எனக்கு வேறு எதுவும் கேட்க வேண்டியிருக்கவில்லை. என்னைப் பார்த்துவிட்டுப் போன அஞ்சாம் நாள் அது நடந்திருந்தது. ஒரு வாரமாக அவள் அதைத் தனக்குள்ளேயே வைத்துக்கொண்டு எனக்குக் கஞ்சி ஊட்டியிருக்கிறாள்.

மறுநாள் டாக்டர் வந்தபோது கேட்டேன். "மேடு ஏறறவன் தாங்குவான்னு சொன்னீங்களே. ஏன் தாங்கல?"

யார் என்று அவருக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

"காய்ச்சலைத் தாங்கினாரு," என்றார். "உங்களுக்கு ஆனதுபோல அவருக்கு நெஞ்சிலே எறங்கலே. ஆனா காய்ச்சல் விட்டுதுன்னு நாம நினைச்சாலும் உள்ளே முடிஞ்சிருக்காது. சில பேருக்கு இதயத்துச் சதையிலேயே அந்த வீக்கம் இருக்கும். வெளியே தெரியாது. அந்த நேரத்திலே படுத்திருக்கணும். மேடு ஏறினா, பழகின இதயமும் நின்னுடும். நோய் வரதுக்கு முன்னாலே ஒடம்பை ஆட்டணும். நோய் இருக்கிறப்போ ஆட்டக்கூடாது. ரெண்டும் உண்மைதான்."

"படுத்திருந்தா பொழைச்சிருப்பானா?"

"தெரியலை. தெரியாததைத் தெரியும்னு சொல்லமாட்டேன்."

அவன் கை சுட்டதை நான் அவரிடம் சொல்லவில்லை. அன்றைக்கு யாரிடமும் சொல்லவில்லை.

பிறகு நடக்க ஆரம்பித்தேன். முதல் நாள் கட்டிலிலிருந்து வராந்தாவின் முதல் தூண் வரைக்கும். அதற்கே கண் இருட்டியது. இரண்டு தூண், நாலு தூண், பிறகு வாசல் கேட். கம்பவுண்டர் கூடவே வந்து, மூக்கால் இழுத்து வாயால் மெல்ல ஊது என்று சொல்லிக்கொடுப்பார். ஒவ்வொரு தடவையும் விலா முழுவதும் விரியும்படி இழுக்க வேண்டும். ராஜம்மா துண்டோடு பின்னால் வருவாள். ஆஸ்பத்திரியில் சேர்ந்த முப்பத்தோராம் நாள் என்னை வீட்டுக்கு அனுப்பினார்கள். வண்டி எடுக்க இன்னும் மூன்று மாதம் போக வேண்டும், தினமும் நடக்க வேண்டும் என்று துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார் டாக்டர்.

காதரின் மனைவி மைமூன் இத்தாவில் இருந்தாள். கணவன் இறந்தால் நாலு மாதமும் பத்து நாளும் வீட்டைவிட்டு வராமல், அந்நிய ஆண்கள் யாரையும் பார்க்காமல் இருப்பது அவர்கள் வழக்கம். ராஜம்மா போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். நான் போக முடியாது. அதில் எனக்கு ஒரு நிம்மதி இருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன். என்ன சொல்வது என்று யோசிக்க எனக்கு நாள் கிடைத்தது.

தினமும் காலையில் நடந்தேன். பள்ளிவாசல் தெரு முனை வரைக்கும் போய்த் திரும்புவேன். பத்து நாளில் மூச்சு வாங்குவது குறைந்தது. ஒரு மாதத்தில் ஏரிக்கரையைச் சுற்றி வந்தேன். தொந்தி கரைந்தது. பீடியைத் தொடவில்லை. "டிரைவரு பழையபடி ஆயிட்டாரு, அதுக்கு மேலயே இருக்கறாரு," என்று டீக்கடையில் சொன்னார்கள். அது உண்மைதான். மீசை முளைத்த நாளிலிருந்து என் உடம்பு அவ்வளவு லேசாக இருந்ததில்லை. படி ஏறும்போது நெஞ்சு அடிவரைக்கும் காற்று போய் வருவதை உணர்வேன். உணர்ந்த அடுத்த நிமிஷம் அவன் ஞாபகம் வரும்.

ஐப்பசியில் வேலைக்குப் போனேன். சீட் எனக்காகவே இருந்தது. முதலாளி சாவியைக் கொடுக்கும்போது சொன்னார்: "கிருஷ்ணகிரி ஆளுங்கள வெச்சிக்கறதாத்தான் இருந்தேன் நஞ்சப்பா. காதர்தான் வந்து நின்னான். அண்ணன் வர வரைக்கும் நானு பாத்துக்கறேன், ஒரு நாளு கூட வண்டி நிக்காதுன்னான். செத்தவன் வார்த்தைய எப்பிடி மீறறது?"

அந்த மேட்டில் முதல் நாள் வண்டியை ஏற்றும்போது பின்னால் புதுக் கண்டக்டர் கட்டையோடு நடந்து வந்தான். நான் கண்ணாடியைப் பார்க்கவில்லை.

இத்தா முடிந்த மறுநாள் ராஜம்மாவோடு மைமூன் வீட்டுக்குப் போனேன். அவளுடைய அண்ணன் எங்களை உட்காரச் சொல்லிவிட்டு டீ வாங்கப் போனார். மைமூன் முக்காடு போட்டுக்கொண்டு கதவை ஒட்டி உட்கார்ந்தாள். இளைத்துப் போயிருந்தாள்.

"ஒடம்பு தேவலையாண்ணா?" என்று அவள்தான் முதலில் கேட்டாள்.

நாலு மாதமாகச் சேர்த்து வைத்த பேச்சை நான் விட்டுவிட்டேன். "தங்கச்சி," என்றேன். "அன்னிக்கு ஆஸ்பத்திரியில, வண்டிய வுட்டு எறங்காதன்னு அவங்கிட்ட நாந்தான் சொன்னேன். அவனுக்குக் கை சுட்டுது. தெரிஞ்சிதான் சொன்னேன்."

ராஜம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். கை சுட்டது அவளுக்கும் இப்போதுதான் தெரிந்தது.

மைமூன் தரையைப் பார்த்துக்கொண்டே, "தெரியும்ணா. வந்து சொன்னாரு," என்றாள். "ஆனா மேட்டுக்குப் போன அன்னிக்குக் காலையில, முடியல, படுத்துக்கறேன்னுதான் சொன்னாரு. நாந்தான் காக்கிச் சட்டைய எடுத்துக் குடுத்தேன். அண்ணன் சீட்டு போயிருமே, எந்திரிங்கன்னு சொன்னேன். இத எங்கண்ணங்கிட்ட கூட நானு சொல்லல."

ராஜம்மா எழுந்து போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். படுத்திருந்தாலும் பிழைத்திருப்பானா என்று தெரியாது என்று டாக்டர் சொன்னதை நான் சொன்னேன். "அது உன் தப்பு இல்லம்மா," என்றேன். சொல்லும்போது அதை முழுசாக நம்பித்தான் சொன்னேன்.

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "உங்க தப்பும் இல்லண்ணா," என்றாள்.

அவள் சொன்னதை என்னாலும், நான் சொன்னதை அவளாலும் எடுத்துக்கொள்ள முடியவில்லை. அவளுடைய அண்ணன் டீயோடு வந்தார். வாங்கிக் குடித்தோம்.